வாசப்படி தாண்டாத பிரபு

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு ரோஷம் ஜாஸ்தி. என் பொண்டாட்டி தமிழ்செல்வி அதுக்கு வேற பேரு வெச்சிருக்கா, அது இங்க வேணாம். என் பேரு காசி. அடி அண்ணாமலைல கிரிவலப் பாதை மேலயே கடை. ஷாமியானா, பிளாஸ்டிக் சேர், மைக்செட் எல்லாம் வாடகைக்கு வுடறேன். கிரிக்கெட் மேட்ச் போட்டுக் காட்டறதுக்குன்னு ஒரு புரொஜெக்டரும் வெள்ளைத் திரையும் வாங்கி வெச்சேன். அந்த புரொஜெக்டரால வந்த வினைதான் இது எல்லாம்.

என் தங்கச்சி ரேணுகாம்பாள் வீடு வேங்கிக்கால்ல இருக்கு. அவ வீட்டுக்காரர் பலராமன், கலெக்டர் ஆபீஸ்ல வேலை. ஆறு வருஷம் முன்னாடி அந்த வீட்டைக் கட்டி கிரகப்பிரவேசம் வெச்சாங்க. நான் பொறந்த வீட்டு சீர் எடுத்துகினு, மேளம் வெச்சு, தட்டு தட்டா தூக்கிகினு போறேன். மாப்ள வாசப்படிலதான் நிக்கறாரு. என்னைப் பார்த்தாரு. கண்ணோட கண்ணு பார்த்தாரு. வாயத் தெறந்தாரு. தெறந்து, எனக்குப் பின்னாடி வந்த அவரோட ஆபீசரைப் பார்த்து, "வாங்க சார், வாங்க வாங்க, உள்ள வாங்க"ன்னாரு. என் தோள் மேலயே கைய நீட்டி அந்த ஆளு கையப் புடிச்சு உள்ள கூட்டிகினு போயிட்டாரு. நான் தேங்காத் தட்டோட நிக்கறேன்.

தட்டை வாசப்படிலயே வெச்சேன். துண்டை ஒரு உதறு உதறித் தோள்ல போட்டேன். வந்துட்டேன்.

அதோட நான் அந்த வாசப்படி தாண்டினதில்லை. தங்கச்சி வீட்டுக்குப் போகாம எல்லாம் இல்லீங்க, வாரா வாரம் போவேன். கேட்டைத் தாண்டி முன்னாடி சிமென்ட் தரை இருக்கு, அது வரைக்கும் போவேன். அங்க சேர் போட்டு உக்காருவேன். டீ அங்க வரும், பொங்கச் சீரு அங்கயே கை மாறும். மழை வந்தா குடை புடிச்சுகினு டீ குடிப்பேன். தமிழ்செல்வி மட்டும் நேரா சமையக்கட்டு வரைக்கும் போயி சட்டியத் தெறந்து பார்ப்பா. அவளுக்கு ரோஷம்னா கிலோ என்ன வெலைன்னு கேப்பா.

"வாங்கன்னு ஒரு வார்த்தை, அவ்ளோதான் கேக்கறேன்"னு தங்கச்சிகிட்ட சொல்லி அனுப்புவேன். மாப்ள பதில் எப்பவும் ஒண்ணுதான். "வீட்டு ஆளைப் பார்த்து யாராவது வாங்கன்னு சொல்வாங்களா? நீ கடைக்குப் போயிட்டு வந்தா உன்னை நான் வாங்கன்னா கூப்பிடறேன்?" இப்படி ஒரு பதிலை வெச்சுகினு ஆறு வருஷம் ஓட்டிட்டாரு அந்த மனுஷன். நேரா பேச்சு கெடையாது. நடுவுல ஒரு ஆள் வேணும்.

அந்த நடு ஆள்தான் கவிநிலா, தங்கச்சி பொண்ணு. எனக்குப் பொண்ணு இல்லை. காதுகுத்து அன்னிக்கு என் மடில உக்காந்து என் மீசையப் புடிச்சு இழுத்து அழுத புள்ள, இப்ப இங்கிலீஷ் எம்.ஏ. கடைசி வருஷம். ஒரு நாள் கடைக்கு வந்து, "மாமா, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சாயந்தரம் புரொஜெக்டர் வேணும். பேய்ப் படம் பார்க்கணும்"னா.

"பரீட்சைக்குப் படிக்கற புள்ளைக்கு எதுக்குடி பேய்ப் படம்?"

"பரீட்சையே அதுதான் மாமா."

அப்புறம் வெவரமா சொன்னா. வெள்ளைக்காரன் ஒருத்தன் ரொம்பப் பழைய காலத்துல ஒரு ரத்தக்காட்டேரிக் கதை எழுதியிருக்கானாம். அந்த ஒரே கதைய ஊரு ஊருக்கு, காலத்துக்குக் காலம் படமா எடுத்துகினே இருக்காங்களாம். இவ அந்தப் படத்தை எல்லாம் பார்த்து, எது எப்படி மாறியிருக்குன்னு எழுதி காலேஜ்ல குடுக்கணும். லேப்டாப்ல பார்த்தா கழுத்துல பல்லு பதியறது சரியா தெரியலையாம்.

மருமவ கேட்டா இல்லைன்னு சொல்ல வருமா? மொத ஞாயித்துக்கெழம திரையக் கொண்டுபோயி சுத்துச்சுவர்ல கட்டினேன். வீட்டு ஆளுங்க வாசப்படி மேலயும் அதுக்கு உள்பக்கமும் உக்காந்தாங்க. மாப்ள வாசல் நெலைக்கு உள்ள ஈசி சேர் போட்டுகினாரு. நான் கீழ சிமென்ட் தரைல புரொஜெக்டர் பக்கத்துல. அவங்கவங்க எல்லைல அவங்கவங்க.

மொத படம் ஊமைப் படம். ஒரு மொட்டைத் தலையன் நெகத்தை வளர்த்துகினு மாடிப்படி ஏறறான். ரேணுகாம்பாள் அவனைப் பார்த்துட்டு, "அய்யோ பாவம், சாப்பாடே இல்லாம எப்படி வத்திப் போயிட்டான்"னா. அடுத்த வாரம் வந்தவன் நல்லா தலையப் படிய வாரி, கறுப்புப் போர்வை போத்திகினு, கல்யாண வீட்டுக்குக் கெளம்பின ஆளாட்டம் இருந்தான். அதுக்கடுத்தது கலர் படம், ரத்தம் அப்படியே தக்காளிச் சட்னி. இன்னொண்ணுல அவனுக்குக் காதல் வேற வந்துடுச்சு. முந்நூறு நானூறு வருஷமா ஒருத்தியையே நெனச்சு அழறான். "இங்க ஒருத்தர் கல்யாண நாளையே மறந்துடறாரு"ன்னு தமிழ்செல்வி சத்தமாவே சொன்னா. நான் சவுண்டை ஏத்தினேன்.

"கவி, உங்க மாமாகிட்ட சவுண்டு கம்மி பண்ணச் சொல்லு"ன்னாரு மாப்ள.

"கவி, உங்கப்பாகிட்ட சொல்லு, ஊளை வுடற சீன்ல சவுண்டு கம்மி பண்ணா படம் எடுத்தவன் சாபம் வுடுவான்னு."

எல்லாப் படத்துலயும் ஆரம்பம் ஒண்ணுதான். அந்தக் காட்டேரி ஒரு பெரிய பிரபு. தூர தேசத்துல வீடு வாங்கணும்னு ஆசை. பத்திர வேலையா ஒரு வக்கீல் பையன் மலை மேல இருக்கற அவன் அரண்மனைக்கு வண்டி புடிச்சு வரான். மாப்ளைக்கு அந்த எடம்தான் ரொம்பப் புடிச்சுது. "வில்லங்கம் போட்டுப் பார்த்தானா? வெளியூர் ஆளு, நேர்ல பார்க்காம வாங்கறானே, கைடு லைன் மதிப்பு தெரியுமா அவனுக்கு?"ன்னு ஒவ்வொரு படத்துலயும் கேப்பாரு. ரத்தம் வந்தா கண்ணை மூடிக்குவாரு, பத்திரம் வந்தா நிமிர்ந்து உக்காருவாரு.

எனக்குப் புடிச்ச எடம் வேற. அந்தப் பையன் அரண்மனை வாசல்ல வந்து எறங்கறான். கதவு தெறக்குது. பிரபுவே கைல வெளக்கோட வந்து நிக்கறாரு. வேலைக்காரனை அனுப்பலை பாருங்க, அவரே வந்து, உள்ள வாங்கன்னு அவ்ளோ மரியாதையா கூப்பிடறாரு!

நான் எழுந்து நின்னுட்டேன். "கவி, இந்த எடத்தைத் திருப்பிப் போடு. உங்கப்பா பார்க்கட்டும். ரத்தம் குடிக்கறவனுக்கே வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்ல வாய் வருது. மனுஷனுக்கு வரலை."

நெலைக்கு உள்ள இருந்து பதில் வந்துது. "கவி, உங்க மாமாவை மிச்சப் படத்தையும் பார்க்கச் சொல்லு. வாங்க வாங்கன்னு வாய் நெறயக் கூப்பிட்டவன் அந்தப் பையனை என்ன பண்ணான்னு தெரியும்."

ரேணுகாம்பாள் சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு, பக்கத்து வீட்டு மாடில லைட்டு போட்டாங்க.

அதுக்கு அடுத்த வாரம்தான் மாட்டினேன். அந்தப் படத்துல பிரபு ஒரு பொண்ணு வீட்டுக்கு வெளிய வந்து நிக்கறான். பனி கொட்டுது. கதவு தெறந்துதான் இருக்கு. ஆனா அவன் நுழைய மாட்டேங்கறான். கவிநிலா வெளக்கம் சொன்னா, "காட்டேரிக்கு ஒரு சட்டம் இருக்கு மாமா. உள்ள இருக்கறவங்க யாராவது கூப்பிட்டாத்தான் வீட்டுக்குள்ள வர முடியும். கூப்பிடலைன்னா எத்தனை வருஷம் ஆனாலும் வெளியவே நிக்க வேண்டியதுதான்."

"நியாயந்தான?"ன்னு சொல்லிட்டேன். வாய் தவறி இல்லைங்க, மனசாரச் சொன்னேன். "மானம் இருக்கறவன் அப்படித்தான் நிப்பான்."

சொல்லி முடிச்சப்புறந்தான் தெரியுது, எல்லாம் திரையப் பார்க்காம என்னையப் பார்க்குது. இருட்டுல கீழ, பனில, ஒரு சேரைப் போட்டுகினு, கைல ஆறிப்போன டீயோட, தெறந்த கதவுக்கு வெளிய நான்.

"அய்யோ மாமா!" கவிநிலா வயித்தைப் புடிச்சுகினு சிரிக்கறா. "பிரபு நீங்கதானா! ஆறு வருஷமா நம்ம வாசல்ல நின்னுகினு இருக்கீங்க, எங்களுக்குத்தான் தெரியலை!"

அன்னில இருந்து என் பேரு பிரபு. போன்ல கூப்பிட்டா "பிரபு சௌக்கியமா"ம்பா. காட்டேரிக்குப் பூண்டுன்னாலே ஆவாதுன்னு படத்துல பார்த்தேன். எனக்கு மதியச் சாப்பாட்டுக்கு பூண்டு ஊறுகா இல்லைன்னா எறங்காது. அதை அவகிட்டச் சொல்லி, "பூண்டு தின்ற காட்டேரிய எந்தப் படத்துலடி பார்த்த?"ன்னு கேட்டேன். "அது சரி மாமா, காட்டேரிக்குக் கண்ணாடில உருவம் தெரியாதாம். எங்க ஹால்ல ஆளுயரக் கண்ணாடி வாங்கி மாட்டி மூணு வருஷம் ஆச்சு. நீங்க அதுல தெரிவீங்களா மாட்டீங்களான்னு எங்க யாருக்குமே தெரியாது. உள்ள வந்தாத்தான தெரியும்?"னா. புள்ள வெளையாட்டாத்தான் சொன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. தங்கச்சி வீட்ல ஆளுயரக் கண்ணாடி இருக்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அந்த மாசமே அவளுக்கு வரன் தகைஞ்சுது. போளூர் பக்கம், பையன் பேரு இளஞ்செழியன், பால் பண்ணை வெச்சிருக்கான், நல்ல பையன். நிச்சயதார்த்தம் பொண்ணு வீட்ல, அந்த ஹால்லயே.

வரன் பேசி முடிச்ச மறுநாள் கவிநிலா கடைக்கு வந்தா. பிரபுன்னு கூப்பிடலை. அடுக்கி வெச்சிருந்த சேர் மேலயே ஏறி உக்காந்தா.

"மாமா, தட்டு மாத்தறப்ப தாய்மாமன் எங்கன்னு அவங்க வீட்ல கேப்பாங்க. வெளிய சேர் போட்டு உக்காந்திருக்காருன்னு சொல்றதா?"

"உங்கப்பாவை ஒரு வார்த்தை..."

"நான் கூப்பிடறேன். வாங்க மாமா. வீட்ல இருக்கற யாரு கூப்பிட்டாலும் போதும், எல்லாப் படத்துலயும் அப்படித்தான்."

"அது பேய்க்கு, கண்ணு. மனுஷனுக்கு வீட்டுக்காரன்தான் கூப்பிடணும்."

அவ சிரிக்கலை. "காது குத்தறப்ப உங்க மடிலதான உக்காந்தேன். இப்ப என் பக்கத்துல யாரு நிப்பா?"ன்னு கேட்டுட்டு எறங்கிப் போயிட்டா. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், வரேன் போடின்னு. சொல்லலை. ரோஷம்.

நிச்சயதார்த்தத் தேதிய பையன் வீட்டு ஜோசியர் குறிச்சாரு. பௌர்ணமி அன்னிக்கு! திருவண்ணாமலைக்காரன் எவனாவது பௌர்ணமில விசேஷம் வெப்பானா? கிரிவலக் கூட்டத்துக்காக ஊரைச் சுத்தி வண்டிய வழி மறிச்சுடுவாங்க, டவுனுக்குள்ள போனவன் வர முடியாது, வந்தவன் போக முடியாது. வெளியூர்க்காரங்க சொன்ன தேதிய மாப்ள பெருமையா ஒத்துகினு வந்துட்டாரு. எனக்கு அன்னிக்குத்தான் யாவாரமே. அன்னதானத்துக்கு சேர் கேட்டு கடை வாசல்ல ஆள் நிப்பாங்க. நான் கடைய மூடிட்டு, பட்டு வேட்டி கட்டிகினு, எல்லாருக்கும் முன்னாடி வேங்கிக்கால் போயிட்டேன். போயி? பந்தல் போட்டேன், மைக்செட் கட்டினேன், வெளியவே நின்னேன்.

மாப்ள மாலை வாங்கறேன்னு காலைலயே கோயில் பக்கம் போனவரு, திரும்பி வரலை. போன் பண்ணா, தடுப்பு போட்டுட்டாங்க, ஸ்கூட்டரை எங்கயோ வுட்டுட்டு நடந்து வரேங்கறாரு. பௌர்ணமிக் கூட்டத்துல நடந்து வரதுன்னா எப்ப வரது?

அதுக்குள்ள போளூர் வேன் வந்து நின்னுடுச்சு. நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்க. பெருசுங்க, பொம்பளைங்க, தட்டுங்க எல்லாம் எறங்குது. முன்னாடி வரவரு பையனோட பெரியப்பா, சுப்பிரமணின்னு பேரு, வெள்ளை மீசை, தோள்ல ஜரிகைத் துண்டு. பந்தலுக்குள்ள வந்தாரு. வாசப்படியப் பார்த்தாரு. காலி. சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் சொம்பும் ஸ்டூல் மேல தனியா ஒக்காந்திருக்கு. அவரு நின்னுட்டாரு. பின்னாடி வந்த மொத்தக் கூட்டமும் நின்னுடுச்சு.

"கூப்பிட ஆள் இல்லையா?"ன்னாரு. மெதுவாத்தான் கேட்டாரு.

உள் ரூம்ல பொண்ணுக்குப் பொடவை கட்டிகினு இருந்த ரேணுகாம்பாள் அங்க இருந்தே கத்தறா. "அண்ணா! வந்துட்டாங்களே! எல்லாரையும் உள்ள கூப்பிடு!"

எப்படி இருக்கு பாருங்க. ஊர்ல இருக்கறவங்க எல்லாரையும் உள்ள கூப்பிடணுமாம், நான் வெளிய நின்னுகினு.

பெரியப்பா மூக்கு வெடைக்குது. ஒரு காலை லேசா பின்னாடி வெச்சாரு. கை தோள்ல இருக்கற துண்டுக்குப் போச்சு. அய்யோ, அந்தக் கை எனக்குத் தெரியும்! அடுத்து துண்டை உதறுவாரு, தோள்ல போடுவாரு, திரும்புவாரு. அதுக்கப்புறம் பேரப்புள்ளைங்க வந்து கெஞ்சினாலும் வர மாட்டாரு. எனக்கு இன்னொருத்தர் சொல்லித் தரணுமா? என் இனம்யா அவரு. இவரு துண்டை உதறினா கவிநிலா வாழ்க்கை என்ன ஆவறது?

எப்படிப் போனேன்னு தெரியாது. சந்தனக் கிண்ணத்தை ஒரு கைல தூக்கினேன், நெலைக்கு நடுவுல நின்னேன், "வாங்க சம்பந்தி! வாங்க வாங்க! உள்ள வாங்க! வெளியவே நிக்கறீங்களே, வாங்கம்மா, வாங்க தாயீ"ன்னு மைக்கே வேணாம்ங்கற மாதிரி கூப்பிட்டேன். பெரியப்பா கை துண்டுல இருந்து எறங்குச்சு. மொகம் அப்படியே மலர்ந்து போச்சு. வலது காலை எடுத்து வெச்சு உள்ள வந்தாரு. சந்தனம் பூசினேன், பன்னீர் தெளிச்சேன், ஒருத்தரை வுடலை. கைக்கொழந்தையக்கூட வாங்கன்னேன்.

கூட்டம் உள்ள போயி உக்காந்துது. அப்பதான் வேர்த்து வழிய, வேட்டி எல்லாம் மண்ணோட, மாலைப் பைய நெஞ்சோட அணைச்சுகினு பலராமன் ஓடி வராரு. பார்த்தேன். அவருக்கு நேரா பின்னாடி ஒரு காரு வந்து, மாப்ளைப் பையன் இளஞ்செழியன் எறங்கறான். "வாங்க தம்பி, வாங்க வாங்க, உள்ள வாங்க!" பலராமன் தோளுக்கு மேலயே கைய நீட்டி அந்தப் பையன் கையப் புடிச்சு உள்ள வுட்டுட்டேன்.

பலராமன் வாசப்படிக்குக் கீழ அப்படியே நின்னுட்டாரு. தோளுக்கு மேல போன என் கையப் பார்த்தாரு. அப்புறம் என் காலைப் பார்த்தாரு. அவரு பார்க்கறாரேன்னு நானும் பார்த்தேன். என் ரெண்டு காலும் நெலைக்கு உள்ள இருந்துது.

அவரு மாலைப் பைய மெதுவா வாசப்படில வெச்சாரு. ஆறு வருஷத்துல மொத தடவை நடுவுல ஆள் இல்லாம எங்கிட்ட பேசினாரு.

"என்ன மச்சான், பார்த்தீங்க. கண்ணோட கண்ணு பார்த்தீங்க. வாங்கன்னு ஒரு வார்த்தை வரலையே."

"என்ன மாப்ள நீங்க, வீட்டு ஆளைப் பார்த்து யாராவது..."

அதோட என் வாய் நின்னு போச்சு. ஆறு வருஷமா அவரு சொன்னதை அப்படியே எழுத்து மாறாம நான் சொல்றேன். தமிழ்செல்வி முந்தானைய வாயில வெச்சு அடக்கறா, முடியலை அவளால. பாதி நகை போட்டுகினு கவிநிலா ரூம் கதவைப் புடிச்சுகினு நிக்கறா. பலராமன் அசையலை. வேர்வை மூக்கு நுனில சொட்டுது, மனுஷன் என்னையே பார்த்துகினு நிக்கறாரு. கிரகப்பிரவேசம் அன்னிக்கு அவருக்கும் இதேதான். பதட்டத்துல கண்ணு என்னைப் பார்த்துருக்கு, மனசு நம்ம ஆளுதானேன்னு தாண்டிப் போயிருக்கு. எனக்கு வெக்கமா இருந்துது. ஆறு பொங்கலை வெளியவே கழிச்சுட்டமேன்னு அழுகையும் வந்துது.

சொல்லிடலாம்னு பார்த்தா அந்த ஒரு வார்த்தை என்னா கனம் கனக்குது! தொண்டைய ரெண்டு தடவை செருமினேன்.

"வாங்க மாப்ள," ஒடைஞ்சு போன கொரல்ல சொன்னேன். "உள்ள வாங்க."

அவரு பைய எடுத்தாரு. வலது காலை வெச்சு உள்ள வந்தாரு. வந்து என் பக்கத்துல நின்னு, ஏற்கெனவே உள்ள நிக்கற என்னைப் பார்த்து, கூட்டம் மொத்தமும் கேக்கற மாதிரி, "வாங்க மச்சான்"னாரு.

பெரியப்பா சுப்பிரமணிக்கு ஒண்ணும் புரியலை. "உள்ள இருக்கறவரை எதுக்கு வாங்கங்கறாரு?"ன்னு பக்கத்துல இருக்கறவங்களைக் கேக்கறாரு.

"மாமா!" கவிநிலா கத்தினா. "திரும்பிப் பாருங்க, கண்ணாடி!"

திரும்பினேன். ஹால் செவுத்துல ஆளுயரத்துக்கு நின்னுது. அதுல கண்ணெல்லாம் செவந்து, கிண்ணத்தைக் கைல புடிச்சுகினு, மூக்கு மேல ஒரு கோடு சந்தனத்தோட ஒரு ஆளு நிக்கறான்.

"நல்லாவே தெரியறீங்க"ன்னா அவ. "மூக்கைத் தொடைச்சுட்டு என் பக்கத்துல வந்து உக்காருங்க."

துண்டால தொடைச்சுகினு போயி உக்காந்தேன்.